முதலாம் இலக்கப் பயனாளர்

"வரிசையில நான் எத்தினையாவது ஆள்?"

தொலைபேசியில் கலாநிதி டெஸ்மன்ட் கேட்டார். றிம்சானுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் துணிவு வரவில்லை.

"ஏழாவது சேர்."

"நேற்றும் ஏழாவது எண்டுதானே சொன்னீங்க?"

"ஓம் சேர். நீங்க ஒரே இடத்தில உறுதியா நிக்கிறீங்க."

டெஸ்மன்ட் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போகும் வழியில், கடலைப் பார்த்தபடி நிற்கும் கரையோரக் கணிப்பு நிலையத்தில் நாற்பது கணினிகளை ஒன்றாகப் பிணைத்து ஒரு பெரிய மெஷினாக்கி வைத்திருந்தார்கள். சாகாமக் குளத்துத் தண்ணீர் எத்தனை நாளைக்குப் போதும் என்று டெஸ்மன்ட் கணக்குப் பார்ப்பது அதில்தான். எந்த மாதம் எந்தப் பக்கம் மீன் கூடும் என்று இமக்குலேற் மிஸ் தேடுவதும் அதில்தான். மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு பகுதியினர் இருந்தார்கள். மெஷினைத் திட்டுவதற்கு இன்னொரு பகுதியினர் இருந்தார்கள். இவர்களுக்கு நடுவில் இருந்தது ஒரு மேசை. அந்த மேசையில் றிம்சான். பதவிப் பெயர், பயனாளர் இணைப்பாளர்.

ஒருவர் "உங்கட மெஷின் ஒண்டுக்கும் உதவாது" என்றால், அதை "தயவுசெய்து ஒருமுறை பரிசோதிக்கவும்" என்று எழுதி மெஷின் அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பொறியியலாளர் றொமால்ட் "அந்தாளுக்குப் புரோகிராம் எழுதத் தெரியா" என்றால், அதை "தங்கள் கோப்பில் சிறு திருத்தம் தேவைப்படலாம்" என்று மாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு வருடமாக றிம்சான் செய்துவந்த தொழில் இதுதான். மருதமுனையில் அவனுடைய உம்மா, மகன் கம்ப்யூட்டரில் பெரிய வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தொலைபேசி மறுபடியும் அடித்தது.

"பத்தொன்பதாம் இலக்கப் பயனாளர் கதைக்கிறன்" என்றது ஒரு பெண் குரல்.

"சொல்லுங்க றுஸ்தா."

"நான் வரிசையில எத்தினையாவது?"

"ஒம்பது."

"கலியாணம் பேசின மாப்பிள மெஷினடியில வேல செய்றார் எண்டு சந்தோசப்பட்டன். அதால எனக்கு என்ன கிடைச்ச? ஒம்பதாவது இடம்."

"ஒங்கள முன்னுக்குப் போட்டா நான் நடுநிலையான ஆள் இல்ல எண்டு சொல்லுவாங்க."

"நல்லா நடுவில நில்லுங்க. வாப்பா என்ன சொல்லிரிக்கார் எண்டு ஞாபகம் இரிக்கிதானே?"

மறக்கவா முடியும்? றுஸ்தாவின் வாப்பா ஜெமீல், சாய்ந்தமருதில் மகளுக்கென்று வீடு கட்டி, நிறம் பூசி, மாப்பிள்ளை வந்து இருப்பதற்குக் கட்டிலும் போட்டுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. மகள் ஆய்வுப் புத்தகத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த பிறகுதான் நிக்காஹ். ஒப்படைக்கக் கடைசி நாள் வருகிற வியாழன். கடல் அலையின் உயரத்தைக் கணக்குப் பார்க்கும் அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் மெஷினிலிருந்துதான் வரவேண்டும். இந்த வியாழன் தவறினால் அடுத்த தவணை நோன்பு மாதத்தில். அதற்குப் பிறகு பெருநாள், அதற்குப் பிறகு ஜெமீலின் ஹஜ் பயணம். ஆக, றிம்சானின் கலியாணமும் அதே வரிசையில் ஒன்பதாவது இடத்தில் நின்றது.

அவன் மெஷின் அறைக்குப் போனான்.

வருகிறவர்கள் பார்ப்பதற்காக அந்த அறைக்குப் பெரிய கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு நேரே முப்பத்திரண்டு கணினிகள். அவற்றின் பச்சை விளக்குகள் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று அலையடிப்பதுபோல மினுங்கும். பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் அதற்கு முன்னால் நின்றுதான் படம் எடுப்பார்கள். மிச்ச எட்டும் பின்னால், தூணின் மறைவில் இருந்தன. வாசலில் ஒரு கல்வெட்டு இருந்தது. அதன் மேல் சின்னதாக ஒரு திரை. அந்தத் திரையை விலக்குவது யாருடைய பொறுப்பு என்று தெரியாததால் அது அப்படியே தொங்கியது.

"றொமால்ட் அண்ணன், நாப்பதில முப்பத்திரண்ட ஒராளே பிடிச்சிட்டு இரிக்கார். பயனாளர் இலக்கம் ஒண்டு. ஆர் இவர்?"

றொமால்ட் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியா. நான் இஞ்ச வரக்குள்ளயும் அவர் ஓடிக்கிட்டுத்தான் இருந்தவர்."

"ஒருக்கா நிப்பாட்டிப் பாத்தா?"

"உனக்கென்ன விசரா? முன்னுக்கு இருக்கிற முப்பத்திரண்டையும் அவருக்குக் குடுத்திருக்காங்க. பெரிய ஆக்களுக்குத்தானே முன்னுக்குக் கதிர போடுற? கொழும்பில ஆரோ. இல்லாட்டி வெளிநாடு. கையை வெச்சிராத."

றிம்சானுக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் விட்டுப்போன கொப்பியிலும் அதையேதான் எழுதியிருந்தார்: 'இலக்கம் 1. தொட வேண்டாம்.' கீழே இரண்டு கோடுகள்.

கண்ணாடிக்கு வெளியே, எல்லாருக்கும் மூத்த அண்ணன் முறையான மீராசா காக்கா வாளியோடு நின்றார். குளிரூட்டியில் சொட்டும் தண்ணீரை ஏந்துவதும் கண்ணாடியைத் துடைப்பதும் அவருடைய வேலை. மற்றவர்கள் எல்லாரும், பணிப்பாளர் உட்பட, பிறகு வந்து சேர்ந்தவர்கள். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர் அவர் ஒருவர்தான்.

"காக்கா, இந்த முன்வரிசைக்குரிய பெரியவர் எப்பயாவது இஞ்ச வந்திரிக்காரா?"

"இன்னும் வரல்ல தம்பி" என்றார் மீராசா காக்கா, துணியைப் பிழிந்தபடி. "வருவார்."

றிம்சான் முதலாம் இலக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். 'தங்கள் மேலான பணிக்கு இடையூறு செய்வதாக எண்ண வேண்டாம்' என்று தொடங்கி, முப்பத்திரண்டில் நான்கை மட்டும் சில நாட்களுக்கு விட்டுத்தர இயலுமா என்று கேட்டான். பதில் வரவில்லை. பதில் போடாததிலிருந்தே ஆள் எவ்வளவு பெரியவர் என்று அவனுக்கு விளங்கியது.

அதன் பிறகு அவன் செய்தது, நல்ல மனது உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. பயனாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, "கவலப்படாதீங்க, அடுத்தது ஒங்கட வேலதான்" என்றான். அன்று மாலை வரை எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். மாலையில் டெஸ்மன்டும் இமக்குலேற் மிஸ்ஸும் கன்ரீனில் ஒரே மேசையில் பிளேன்ரீ குடித்தார்கள்.

"அடுத்தது நான்தான்" என்றார் டெஸ்மன்ட்.

"அது எப்பிடி சேர்? அடுத்தது நானெல்லோ?"

பிளேன்ரீ ஆறுவதற்குள் றிம்சானின் தொலைபேசி சூடாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மருதமுனையில் ஒரு கலியாண வீட்டில் வலீமா விருந்து. றிம்சான் முன்பின் தெரியாத நான்கு பேருடன் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்தான். பெரிய வட்டத் தட்டு நிறையச் சோறு, மேலே இறைச்சி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பாற்கறி. ஐந்து பேரும் அவரவர் முன்னால் உள்ளதை அவரவர் சாப்பிட்டார்கள். ஒருவரும் வரிசையில் நிற்கவில்லை, சண்டை பிடிக்கவில்லை. முதலில் முடித்தவர்கூட மற்றவர்கள் முடிக்கும்வரை எழும்பவில்லை.

றிம்சானின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

"என்ன தம்பி, எலும்பு கிலும்பு இறுகிட்டா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இல்ல. எல்லாம் விளங்கிட்டு."

திங்கட்கிழமை காலையில் பின்னால் இருந்த எட்டுக் கணினிகளும் எட்டுச் சஹன்களாகின. ஒன்றுக்கு ஐந்து வேலைகள். வரிசை என்ற சொல்லே இனி இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அமர்வார்கள், ஐவரும் முடித்த பிறகு எழும்புவார்கள், அதன் பிறகுதான் அடுத்த சஹன் விரிக்கப்படும். றொமால்ட் தலையைச் சொறிந்தார். ஆனாலும் செய்து கொடுத்தார். கிறிஸ்தவராக இருந்தாலும் கல்முனையில் பிறந்தவர், எத்தனையோ சஹனில் அமர்ந்திருக்கிறார்.

திங்கள் மதியம் வரை எல்லாம் அழகாக நடந்தது. றிம்சானுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

செவ்வாய் மூன்று மணிக்கு றுஸ்தா நேரிலேயே வந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"என்ட அலை எங்க?"

"எழுவது வீதம் வந்திட்டே. இனிக் கரைக்கு வாறதுதான் மிச்சம்."

"கரைக்கு வரல்ல. டெஸ்மன்ட் சேர்ர குளத்துக்குள்ள போயிட்டு."

உண்மைதான். சாகாமக் குளத்துக் கணக்கு சாதாரண விருந்தாளி அல்ல. தன் பக்கத்தை முடித்து, பக்கத்திலிருந்தவர்களின் பக்கத்தையும் வழித்து, சஹனையே தூக்கி வாயில் கவிழ்த்துவிட்டது. கணினியின் நினைவகம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டதில் றுஸ்தாவின் கணக்கு மூச்சுத் திணறி விழுந்தது. இனி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவளுக்குப் பின்னாலேயே இமக்குலேற் மிஸ் வந்தார்.

"என்ட மீனெல்லாம் நேற்றே எண்ணி முடிஞ்சுது றிம்சான். முடிவு எடுக்க ஏலாமக் கிடக்கு. மற்றவங்க முடிக்கும் வரைக்கும் எழும்பக் கூடாதாம். கை காஞ்சுபோய்க் குந்திக்கிட்டு இருக்கன். எனக்குக் கை கழுவத் தண்ணியாவது தருவீங்களா?"

கடைசியாக டெஸ்மன்டும் வந்தார். அவருக்கும் முறைப்பாடு இருந்தது. "சஹன் சின்னன்" என்றார்.

பணிப்பாளர் மிஹ்லார் எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் யாரையும் கடிந்து பேசாத மனிதர். அதனால் அவரிடம் முறைப்பாடு சொல்ல எல்லாருக்கும் விருப்பம்.

"றிம்சான், இந்த நிலையத்தில முறைப்பாடு சொல்லாத ஒரு பயனாளர் கூடவா இல்ல?"

றிம்சான் பதிவேட்டைப் பார்த்தான். "ஒராள் இரிக்கார் சேர். முதலாம் இலக்கம். ரெண்டு வருசத்தில ஒரு முறைப்பாடும் இல்ல."

மிஹ்லாரின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! நாளைக்குப் பயனாளர் கூட்டம் ஒண்டு வைப்பம். ஆருக்கு என்ன பொறுப்பு எண்டு ஒரு அட்டவணை போடுங்க. அதோட இவருக்கு ஒரு கேடயமும் குடுப்பம். மத்தவங்க அவரப் பாத்துப் படிக்கட்டும்."

புதன்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் கூடியது. மேசையில் கல்முனைப் பஸாரில் வாங்கிய கேடயம், 'சிறந்த பயனாளர்' என்ற பொன்னெழுத்துடன் மினுங்கியது. சுவரில் றிம்சானின் அட்டவணை தொங்கியது. இருபத்துமூன்று வரிகள். கடவுச்சொல் மறந்தால் யார், கோப்பு தொலைந்தால் யார், குளிரூட்டி ஒழுகினால் யார் என்று எல்லாம் அதில் இருந்தன. எல்லாரும் பார்த்தார்கள், ஒப்பமிட்டார்கள். இருமல் சத்தம்கூட இல்லை. றிம்சானுக்கு நெஞ்சு நிறைந்தது.

பிறகு மிஹ்லார் எழுந்தார். "நாப்பது கணினியில முப்பத்திரண்ட ரெண்டு வருசமாப் பாவிச்சும் ஒரு சொல்லுக்கூட குறை சொல்லாத முதலாம் இலக்கப் பயனாளர மேடைக்கு அழைக்கிறம்."

யாரும் வரவில்லை. டெஸ்மன்ட் மெல்ல எழுந்து நின்றார்.

"எத்தின எண்டு சொன்னீங்க சேர்?"

"முப்பத்திரண்டு."

"நாங்க இத்தின பேரும் எட்டுக்குள்ள இடிபட்டுக்கிட்டு இருக்கிறம். அந்த மனிசனுக்குத் தனிய முப்பத்திரண்டா? அவரக் கொஞ்சம் காட்டுங்க. நானே கையால கேடயத்தக் குடுக்கிறன்."

"தலையில குடுக்கோணும் சேர்" என்றார் இமக்குலேற் மிஸ்.

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். றிம்சான் இரண்டு கைகளையும் உயர்த்தினான். அவன் வாயைத் திறந்ததும் மின்சாரம் நின்றது.

"பயப்பட வேணாம், ஜெனரேட்டர் இருக்கு" என்றார் மிஹ்லார்.

ஜெனரேட்டர் இருந்தது. டீசல் இல்லை.

"டீசல் கட்டடத்துக்காரர்ர பொறுப்பு" என்றார் றொமால்ட்.

"இல்லையே, மெஷின்காரங்கதானே அடிக்கிற?" என்றார் மிஹ்லார்.

அத்தனை பேரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்துமூன்று வரிகள் இருந்தன. டீசல் இருக்க வேண்டிய இருபத்துநான்காவது வரி மட்டும் இல்லை.

மெஷின் அறையின் மின்கலம் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தது. பிறகு இரண்டு வருடமாக ஓயாமல் இரைந்த மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவையாகக் கடலின் சத்தம் கேட்டது.

றுஸ்தா றிம்சானின் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவனைக் கலங்க வைத்தது.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொறகும் நல்ல மாதம் இரிக்கிதானே?" என்றாள் மெதுவாக. "வீட்டு நிறம் கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான். நான் எங்கயும் போகமாட்டன்."

"கேடயம் குடுக்கிறதா இருந்தா, அது ஒங்களுக்குத்தான் தரோணும்" என்றான் றிம்சான்.

"எனக்கு வேணாம். நான் நிறைய முறைப்பாடு செஞ்சிட்டன். இனியும் செய்வன்."

முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. றொமால்ட் "இயேசுவே" என்று சொல்லிக்கொண்டு மெஷினை ஏற்றினார். காத்துக்கிடந்த வேலைகள் தாமாகவே எழுந்து ஓடத் தொடங்கின. றிம்சான் திரையைப் பார்க்கப் பயந்து, அட்டவணையில் டீசலுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தான்.

ஐந்து நிமிடத்தில் இமக்குலேற் மிஸ் கத்தினார். "முடிஞ்சுது! மீன் முடிஞ்சுது!"

யாரும் நம்பவில்லை. பகல் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் சாகாமக் குளமும் நிரம்பி, வடிந்து, கணக்கு முடிந்திருந்தது. இரண்டு நாள் எடுக்க வேண்டிய றுஸ்தாவின் அலை மாலை நாலு மணிக்குக் கரை சேர்ந்தது. அவள் திரையை ஒரு தடவை பார்த்தாள், றிம்சானை ஒரு தடவை பார்த்தாள், அப்படியே கதிரையில் அமர்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"சஹன் முறை வேல செஞ்சிட்டு!" என்று மிஹ்லார் அவன் தோளில் தட்டினார். "கொஞ்சம் சுணங்கித்தான் விளங்கியிருக்கு எங்களுக்கு."

எந்த முறை வேலை செய்தது என்று றிம்சானுக்கே விளங்கவில்லை. ஆனாலும் வாழ்த்தை மறுப்பது நாகரிகம் இல்லை.

வியாழன் பகல் றுஸ்தா புத்தகத்தை ஒப்படைத்தாள். ஒப்படைத்த பற்றுச்சீட்டின் படம் றிம்சானுக்கு வந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, ஜெமீலின் அழைப்பு வந்தது.

"மகன், வாற மாதம் ரெண்டாவது வெள்ளிக்குப் பள்ளியில சொல்லிட்டன். மறுகா மெஷின் உடைஞ்சி போச்சி, வர ஏலாது எண்டு சொல்லிராதீங்க."

"அல்ஹம்துலில்லாஹ். வருவன் மாமா, வருவன்."

அடுத்த அழைப்பு டெஸ்மன்ட். புதிதாக ஒரு கணக்குப் போட்டிருந்தார். "இப்ப வரிசையில நான் எத்தினையாவது?"

"வரிசையே இல்ல சேர்."

"அப்ப நான் எதைப் பற்றி முறைப்பாடு சொல்லுற?" என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒரு முள் றிம்சானைக் குத்திக்கொண்டே இருந்தது. மின்சாரம் வந்த பிறகு எல்லாருடைய வேலையும் பட்டியலில் திரும்பி வந்திருந்தது. முதலாம் இலக்கம் மட்டும் வரவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பெரியவர் ஓடவிட்ட கணக்கு, அவன் எழுத மறந்த ஒரு வரி டீசலால் அழிந்துபோயிற்று. கலியாணத்துக்கு முன் இந்தப் பாவத்தை இறக்கி வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினான். கேடயத்தையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, எங்கே அனுப்புவது என்று கேட்க றொமால்டைத் தேடிப் போனான்.

றொமால்ட் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு முன்னால் மீராசா காக்கா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்து, விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, முறைப்பாடு எண்டா ஒங்களுட்டத்தானே சொல்லோணும்?"

"ஓம் காக்கா. என்ன?"

"வெளக்கு முந்தி மாதிரி மினுங்குதில்ல. முந்தி எவ்வளவு வடிவா அலையடிக்கும். இப்ப பாருங்க, ஒண்டு இஞ்ச, ஒண்டு அங்க. கொத்து ரொட்டி போடுறாப்போல இரிக்கி."

"இப்ப எல்லார்ர வேலையும் அதில ஓடுது காக்கா. முந்தி ஓடினது ஒரு பெரியவர்ர வேல. அது அழிஞ்சிட்டு. நான்தான் அழிச்ச. அவர் ஆரெண்டே எனக்குத் தெரியா." றிம்சான் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஒங்களுக்காவது தெரியுமா?"

மீராசா காக்கா கேடயத்தைப் பார்த்தார். வாசலில் திரை தொங்கும் கல்வெட்டைப் பார்த்தார். பிறகு றிம்சானைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது ஆர்ர வேலையும் இல்ல தம்பி, திறப்பு விழாவுக்கு வாற பெரியவர்ர கண்ணுக்கு வெளக்கு வடிவா மினுங்கோணும் எண்டு மெஷின் வித்த ஆக்கள் போட்டது, அவர் வந்து பாக்கும் வரைக்கும் தொட வேணாம் எண்டாங்க, அவர்தான் இன்னும் வரல்லயே!"